கல்மரம் முதல் பசுங்காடு வரை: சுத்துக்கேணி வட்டாரத்தின் பாலையும் தோட்டமும்

வளைகுடா நாடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பாலைவனப் பூங்காக்கள் புதியன அல்ல. ஷார்ஜாவில் பாலைவனப் பூங்கா ஒன்று இருக்கிறது. அரேபிய மண்ணின் விலங்குகளையும் செடிகளையும் பிள்ளைகள் அங்கே அருகிருந்து காணலாம். கத்தாரின் தோஹா நகரில் 2008இல் தொடங்கப்பெற்ற குர்ஆனியத் தாவரவியல் தோட்டத்தில், இறைமறையிலும் நபிமொழிகளிலும் பெயர் குறிக்கப்பெற்ற செடிகளையும் மரங்களையும் வளர்த்து வருகின்றனர். இலந்தை, பேரீச்சை, அத்தி, மாதுளை என அவற்றுட் பல நமக்கும் அறிமுகமானவையே. விடுமுறைக்கு ஊர் திரும்பும் பெற்றோர் பலரிடம், "நம் ஊர்ப்பக்கம் இத்தகைய இடம் உண்டா?" என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு.

உண்டு. வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, பாகூர் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பும் தொலைவிலேயே உண்டு. அதற்கு ஒரே வாயில், ஒரே நுழைவுச் சீட்டு என்று ஏதுமில்லை. சுத்துக்கேணியை நடுவாக வைத்து வடமேற்கே திருவக்கரை, கிழக்கே ஊசுட்டேரி, அதற்கப்பால் ஆரோவில் செம்மேடு, முடிவில் புதுச்சேரி நகரத்துத் தாவரவியல் பூங்கா என நான்கு இடங்களையும் சேர்த்துக் கண்டால், ஒரு நிலம் எவ்வாறு பாலையாகிறது, பாலையான நிலம் எவ்வாறு மீள்கிறது என்னும் வரலாறு முழுமையாக விளங்கும்.

பாலை என்பது தனியொரு நிலம் அன்று என்பது தமிழ் முன்னோர் கண்ட உண்மை. மழை பொய்த்து வெயில் முதிரும்போது முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவத்தைக் கொள்கின்றன என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. காடும் மலையும் தம் நிலை கெட்டு அடையும் கோலமே பாலை. இக்கருத்தை மனத்திற்கொண்டு இவ்வட்டார வரலாற்றைப் பார்ப்போம்.

கல்லாகிக் கிடக்கும் மரங்கள்

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கும் சங்கராபரணி ஆற்றின் கரையில் அமைந்தது திருவக்கரை. சோழர் காலக் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூரில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் தேசிய கல்மரப் பூங்கா உள்ளது. செந்நிற மேட்டு நிலம், ஆங்காங்கே முட்செடிகள், அவற்றிடையே வீழ்ந்து கிடக்கும் மரத்தண்டுகள். தொட்டுப் பார்த்தால் அவை கல். ஆண்டு வளையங்களும் மரநார்களின் வரிகளும் அப்படியே தெரிகின்றன. மரம் மட்டும் மறைந்துவிட்டது.

இவற்றின் அகவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்பர். புதைந்த மரத்தினுள் நிலத்தடி நீர் ஊடுருவ, அதில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் சிறுகச் சிறுகப் படிந்து, முழு மரமும் கல்லாயிற்று. கிளையோ இலையோ வேரோ பட்டையோ இன்றித் தண்டுகள் மட்டுமே கிடப்பதால், இவை வேறிடத்தில் வளர்ந்து, பெருவெள்ளத்தால் அடித்து வரப்பட்டு இங்கே மணலில் புதைந்தவை என்று புவியியலார் முடிவு செய்துள்ளனர். புளிய மரத்துக்கும் ஆமணக்குக் குடும்பத்துக்கும் உறவான மரங்களும் இவற்றுள் உண்டு. பிரான்சு நாட்டு இயற்கை அறிஞர் சொன்னேரா 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இவற்றைக் கண்டு உலகறியச் செய்தார்.

இக்கல்மரங்கள் கிடக்கும் மணற்பாறைப் படிவத்துக்குக் கடலூர் மணற்பாறை என்று பெயர். ஆரோவில் செம்மேடு எழுந்திருப்பதும் இதே படிவத்தின் மேல்தான். ஒரே பாறையின் மேல் ஓரிடத்தில் மாண்ட காடும் மற்றோரிடத்தில் மீண்ட காடும் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதனினும் பொருத்தமான பயணம் அரிது.

சுத்துக்கேணியின் பொன்னும் நீரும்

திருவக்கரையை விட்டு ஆற்றின் போக்கில் வந்தால் சுத்துக்கேணி. இன்று நெல்லும் கரும்பும் விளையும் அமைதியான சிற்றூர். ஆனால் தொல்லியலார் நூல்களில் இவ்வூர்ப் பெயர் உலகறிந்த ஒன்று. ழான்-மரி கசால், ழெனெவியேவ் கசால் என்னும் பிரெஞ்சு இணையர் புதுச்சேரிச் சுற்றுப்புறத்தில் அகழாய்வு செய்து, வீராம்பட்டினம், முத்திரையர்பாளையம், சுத்துக்கேணி ஆகிய ஊர்களின் தொல்லிடங்களைப் பற்றி 1956இல் பாரிசில் நூல் வெளியிட்டனர். பெருங்கற்காலப் புதைகுழிகளும், நுண்ணிய வேலைப்பாடமைந்த பொன்னணிகளும் சுத்துக்கேணியின் பெயரை உலக அருங்காட்சியகங்கள் வரை கொண்டு சென்றன.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த அம்மக்கள் இரும்பை உருக்கியவர்கள், பொன்னை உருக்கியவர்கள். உலைக்குக் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். அத்தகைய தொழில்களைத் தாங்கும் காடு அவர்களைச் சூழ்ந்து இருந்திருக்க வேண்டும்.

அவ்வூரின் இன்றைய செல்வம் நீர். சங்கராபரணியின் நீரைச் சுத்துக்கேணி வாய்க்கால் கிழக்கே ஊசுட்டேரிக்குக் கொண்டு செல்கிறது. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான இப்பேரேரி, புதுச்சேரி வட்டாரத்தின் மிகப்பெரிய நீர்நிலை. 2008இல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. குளிர்காலத்தில் தொலைநாடுகளிலிருந்து வாத்தினங்களும் கரைப்பறவைகளும் இங்கே வந்து தங்குகின்றன. ஒரு சிற்றூரின் வாய்க்கால் தூர்ந்தால் கடல் கடந்து வரும் பறவையின் உணவு குறைகிறது.

மழை பெய்தும் பாலையான மண்

ஊசுட்டேரிக்குக் கிழக்கே நிலம் மெல்ல உயர்கிறது. இரும்பை, ஆலங்குப்பம், இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம் முதலிய ஊர்கள் அம்மேட்டைச் சூழ்ந்துள்ளன. அரை நூற்றாண்டுக்கு முன் இம்மேட்டைக் கண்டோர் அதைப் பாலைவனம் என்றே குறித்தனர். கோடையில் செம்புழுதி பறந்தது. மழைக்காலத்தில் செந்நீர் ஓடைகளாகப் பாய்ந்து கடலைச் சிவப்பாக்கியது. நிலம் பிளந்து ஆழமான பள்ளத்தாக்குகள் உருவாயின.

இங்கு வியப்புக்குரியது ஒன்று உண்டு. இவ்வட்டாரத்தில் ஆண்டுதோறும் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. தார்ப் பாலைவனத்தின் ஓரத்திலுள்ள ஜோத்பூர் பெறுவதைப் போல் இது மும்மடங்குக்கும் அதிகம். எனவே இம்மண் பாலையானது மழையின்மையால் அன்று. பெய்த மழையைப் பிடித்து வைக்கும் வேரும் இலைச்சருகும் இல்லாமற் போனதால்தான். வடகிழக்குப் பருவமழை சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ப்பது. மூடாக்கற்ற மண்ணில் அது அருளாக இறங்கவில்லை, அரித்துச் சென்றது.

இக்கரையோரம் முழுதும் ஒரு காலத்தில் பசுமை மாறாத உலர்வெப்பக் காடு இருந்தது. கருங்காலி, வீரை, காயா, குருந்து, நாவல், உலக்கைப்பாலை முதலியன அக்காட்டின் மரங்கள். அக்காடு இன்று கடற்கரைச் சாலையோரப் புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காடு போன்ற சிறு துண்டுகளாகவே எஞ்சியுள்ளது. மக்கள் அச்சத்தாலும் மதிப்பாலும் கோடரி வைக்காத இடங்கள் அவை.

எஞ்சியவை எங்கே போயின? வரலாறு காட்டும் காரணங்கள் பல. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி அந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765 முதல் பிரெஞ்சுக்காரர் அதை மீண்டும் எழுப்பினர். ஒரு நகரை மீளக் கட்ட உத்திரத்துக்கு மரமும், செங்கற்சூளைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் விறகும் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அதன்பின் விறகுத் தேவையும், மேட்டு நிலப் பயிர்களும், அளவிறந்த மேய்ச்சலும் எஞ்சியதைத் தின்றன. இரும்பையில் வழங்கும் பழங்கதை ஒன்று, கடுவெளிச் சித்தர் என்பாருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பால் அந்நிலம் வறண்டதாகச் சொல்லும். கதையின் மெய்ம்மை ஒருபுறமிருக்க, மனிதர் செய்த பிழையின் விளைவே வறட்சி என்னும் உணர்வு அம்மக்களின் நினைவில் இருந்தது என்பது கருதத்தக்கது.

ஹைதரின் தோட்டமும் அதற்கு முன்னோரும்

புதுச்சேரியின் அப்போர்க்காலத்தோடு ஒரு தோட்டத்தின் வரலாறும் பிணைந்துள்ளது. 1760இல் ஆங்கிலேயரால் நெருக்கப்பட்ட புதுச்சேரிக்கு உதவ, ஹைதர் அலி தம் மைத்துனர் மக்தூம் அலியின் தலைமையில் மைசூர்ப் படையை அனுப்பினார். பெங்களூரின் லால்பாக் தோட்டத்துக்கு அவர் அடிகோலியதாகக் கூறப்படுவதும் அதே 1760ஆம் ஆண்டில்தான். அவருக்குப் பின் திப்பு சுல்தான் அயல்நாடுகளிலிருந்தும் விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்து அத்தோட்டத்தை வளர்த்தார். வாளெடுத்த கைகளே கன்றும் நட்டன. அவர்கள் காத்த கோட்டைகள் வீழ்ந்தன. அவர்கள் நட்ட தோட்டம் இன்றும் பெங்களூருக்கு மூச்சாக இருக்கிறது.

இது முஸ்லிம் உலகில் நெடிய மரபு. 9ஆம் நூற்றாண்டில் அபூ ஹனீஃபா அத்தீனவரீ செடிகளைப் பற்றிப் பெருநூல் எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் இப்னு வாஃபித், இப்னு பஸ்ஸால் ஆகியோர் அரசத் தோட்டங்களில் செடிகளை வளர்த்து ஆராய்ந்தனர். ஐரோப்பாவின் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டங்களான பீசாவும் பாதுவாவும் தோன்றியதோ 1540களில்தான். 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்து விளக்கினார். நீர் அருமையை அறிந்த மக்களே தோட்டத்தின் அருமையையும் அறிந்திருந்தனர்.

செம்மேட்டில் எழுந்த காடு

1968 பிப்ரவரி 28 அன்று, அச்செம்மேட்டில் தனித்து நின்ற ஓர் ஆலமரத்தின் அருகே, 124 நாடுகளிலிருந்து கொணர்ந்த ஒரு பிடி மண்ணைத் தாழியில் இட்டு ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டது. அதன் சமயக் கொள்கைகள் நம்முடையவை அல்ல. அவற்றை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. அங்கு மண்ணுக்கு நேர்ந்ததே நமக்குரிய பாடம்.

அங்கு வந்தவர்களும் சுற்றியுள்ள சிற்றூர்களின் உழைப்பாளிகளும் முதலில் செய்தது மரம் நடுதல் அன்று. வரப்பெடுத்தனர். நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே மண்கரைகளையும், ஓடைகளில் தடுப்பணைகளையும் அமைத்து, ஓடும் நீரை நடக்கவும், நடக்கும் நீரை நிற்கவும் செய்தனர். பின்பு, வறண்ட மண்ணிலும் விரைந்து வளரும் ஆஸ்திரேலிய வேலமர வகையை நட்டனர். அது நிழல் தந்தது, சருகு உதிர்த்தது, மண்ணில் தழைச்சத்தைச் சேர்த்தது. அந்நிழலில்தான் இம்மண்ணுக்கே உரிய மரங்கள் நடப்பட்டன. எஞ்சியிருந்த கோயிற்காடுகளில் விதைகளைத் தேடித் திரட்டி, நாற்றங்காலில் முளைக்க வைத்து, மேட்டுக்குக் கொண்டு வந்தனர். இவ்வாறு நடப்பட்டவை 20 இலட்சத்துக்கும் மேல் என்பர். நரியும் புனுகுப்பூனையும் பறவைகளும் தாமாகத் திரும்பின.

2000ஆம் ஆண்டில் ஆரோவில் தாவரவியல் தோட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 50 ஏக்கர் பரப்பு. உலர்வெப்பக் காட்டின் மரங்களை இனம் இனமாக நட்டுப் பேணும் இடம் அது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, மண்ணையும் பூச்சியையும் இலையையும் தொட்டறியச் செய்யும் கல்விப் பணியும் நடைபெறுகிறது. மற்றொன்றும் அங்கே நினைவுகூரத்தக்கது: பாலை என்பது நிலத்தின் பெயர் மட்டுமன்று, இக்காட்டு மரம் ஒன்றின் பெயருமாகும். உலக்கைப்பாலையின் சிறிய மஞ்சள் பழத்தை நம் பாட்டிமார் நன்கறிவர்.

இந்தியாவின் மற்றொரு மூலையிலும் இதற்கிணையான முயற்சி நடந்துள்ளது. ஜோத்பூரின் மெஹ்ராங்கர் கோட்டையடியில் 70 ஹெக்டேர் பாறை நிலம் சீமைக்கருவேலத்தால் மூடிக்கிடந்தது. 2006 முதல், பாறையுடைக்கும் தொழில் மரபினரைக் கொண்டு அவற்றை வேரோடு அகழ்ந்தெடுத்து, தார்ப் பாலையின் சொந்தச் செடிகளை அக்குழிகளிலேயே நட்டனர். ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா என்று இன்று அது வழங்குகிறது. பாலைக்குரியதைப் பாலைக்கும் காட்டுக்குரியதைக் காட்டுக்கும் மீட்டளிப்பதே நெறி என்பதை இவ்விரு தோட்டங்களும் உணர்த்துகின்றன.

நகரத்துப் பழந்தோட்டம்

புதுச்சேரி நகரத்துத் தாவரவியல் பூங்கா 1826இல் உருவானது. பிரெஞ்சுத் தாவரவியலார் பெரோத்தே இதனை உலகின் பல பகுதிகளின் செடிகள் சேர்ந்த தோட்டமாக ஆக்கினார். அவர் 1870இல் புதுச்சேரியிலேயே மறைந்தார். சரளைக்கல் பாதைகளும் ஒழுங்குபட வெட்டிய செடிவரிசைகளும் பழமரங்களின் நிழலும் சிறுவர்களுக்கான சிறு ரயிலுமாக, நகரத்துக் குடும்பங்களின் மாலைப்பொழுதுக்கு உரிய இடம் அது.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரை கடந்தபோது இப்பூங்காவின் மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. நூறாண்டில் வளர்ந்தது ஓரிரவில் வீழ்ந்தது. நடுவதோடு ஒருவரின் கடமை முடிவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் நட வேண்டும்.

காத்தலும் நீதியும்

அரேபியப் பாலையில் மேய்ச்சல் நிலத்தைக் காக்க ஹிமா என்னும் ஏற்பாடு இருந்தது. இஸ்லாத்துக்கு முன் வலியவர் தம் மந்தைக்காக நிலத்தை வளைத்துக்கொள்ளும் வழக்கமாக இருந்த அதனை, நபி (ஸல்) அவர்கள் பொதுநலத்துக்குரியதாக மாற்றினார்கள். மதீனாவைச் சூழ்ந்த பகுதியில் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். அந்நகீஉ என்னுமிடத்தை ஹிமாவாக்கினார்கள்.

பின்னர் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஒரு ஹிமாவுக்கு ஹுனை என்பவரைக் காவலராக அமர்த்தியபோது இட்ட கட்டளை புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வர்களான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்ஃபான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தவிர்க்குமாறும் அவர் கூறினார். செல்வரின் மந்தை மாண்டால் அவருக்குப் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் உண்டு. ஏழையின் ஆடு மாண்டால் அவர் தம் பிள்ளைகளோடு ஆட்சியாளரின் வாயிலில் வந்து நிற்பார் என்பது அவர் காட்டிய காரணம். அநீதிக்குள்ளானவரின் முறையீட்டை அஞ்சுமாறும் அவர் எச்சரித்தார்.

காடு வளர்க்கும் எந்த முயற்சிக்கும் இதுவே உரைகல். மேய்ச்சலைத் தடுத்தாலன்றிக் கன்று தழைக்காது என்பது உண்மை. அத்தடையின் சுமை இரண்டு ஆடு வைத்திருக்கும் கைம்பெண்ணின் தலையில் மட்டும் விழலாகாது என்பதும் உண்மை. சுற்றூர் மக்களுக்கு வேலையும், கால்நடைக்குத் தீவனமும், கிணற்றில் உயரும் நீரும் கிடைத்தால்தான் காட்டைக் காக்க அவர்களும் துணை நிற்பர்.

வளர்ந்த காடும் என்றென்றைக்கும் உறுதி பெற்றதன்று. 2021 டிசம்பரில், நகரத் திட்டத்தின் வட்டச்சாலைக்காக ஆரோவில்லில் மரங்கள் இயந்திரங்களால் அகற்றப்பட்டன. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் சென்றது. 2022இல் அது சுற்றுச்சூழல் அனுமதி பெறுமாறு கூறியது. 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. சாலை வேண்டுவோருக்கும் மரம் வேண்டுவோருக்கும் தத்தம் காரணங்கள் உண்டு. ஆயினும் ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்ததை அகற்ற ஒரு காலைப்பொழுது போதும் என்பதை இந்நிகழ்வு நினைவூட்டியது.

குடும்பத்தோடு செல்வோருக்கு

மார்கழி முதல் மாசி வரை இப்பயணத்துக்கு ஏற்ற காலம். திருவக்கரையில் நிழல் குறைவு. காலையிலேயே சென்று, வெயில் ஏறுமுன் திரும்புதல் நன்று. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். கல்மரத்தின் சிறு துண்டையும் எடுத்து வரலாகாது, அது பொதுச்சொத்து. லுஹர் நேரம் வழியில் வந்தால் கவலையில்லை. தூய்மையான தரையெல்லாம் நமக்குத் தொழுமிடமாக்கப்பட்டுள்ளது. பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, அறிந்த மரத்தின் பெயரையும் அறியாத மரத்தின் இலை வடிவையும் குறிக்கச் செய்யுங்கள். தாத்தா, நன்னியை உடன் அழைத்துச் செல்லுங்கள். அப்பெயர்களுட் பலவற்றை அவர்கள் மட்டுமே அறிவர்.

இறந்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பதை அல்லாஹ் தன் மறையில் திரும்பத் திரும்பச் சான்றாகக் காட்டுகிறான். மழையை இறக்குவது அவன் செயல். இறங்கிய மழை தங்குமாறு ஒரு வரப்பெடுப்பது நம் செயல். மறுமை நாளே வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதன் பொருள், சுத்துக்கேணி வாய்க்காலின் கரையிலும் ஆரோவில்லின் செம்மண்ணிலும் நின்று பார்க்கும்போது தெளிவாகிறது. பள்ளிவாசல் வளாகத்திலும், கபரஸ்தானின் வேலியோரத்திலும், மதரஸாவின் முற்றத்திலும் நம் மண்ணுக்குரிய ஒரு நாவலையோ ஓர் இலந்தையையோ நட்டு, மூன்று கோடைகள் நீரூற்றினால் அது தானே நிற்கும். அதன் கனியை உண்ணும் பறவையும் நட்டவருக்குத் தர்மம் சேர்க்கும். அத்தகைய கைகளாக நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆக்குவானாக.